புதுச்சரக்கு அறை

மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சுகிர்தம் மகனுடைய அறைக்குள் போவாள். கம்ப்யூட்டர் மெஷினுக்குப் போர்த்தியிருக்கும் பூப்போட்ட துணியை எடுத்து நாலாக மடித்துக் கட்டிலில் வைப்பாள். ஸ்டெபிலைசரின் ஊசி நடுவில் வந்து நிற்கிறவரை பொறுத்திருந்து, பிறகுதான் பெரிய சுவிட்சைத் தட்டுவாள். உள்ளே எதுவோ சுழலும். கறுப்புத் திரையில் பச்சையாக ஒரு கோடு மினுக்கும். அப்புறம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வரும்.

அம்மா, சாப்ட்டியா?

“ஆமாய்யா” என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவாள். வாயால் சொல்வது மெஷினுக்குக் கேட்காது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கேட்கிறவனிடம் பேசாமல் இருப்பது மரியாதையில்லை என்பது அவள் கட்சி.

நேத்து கத்திரிக்காக் குழம்பு. இன்னைக்கு?

அன்றைக்கு வைத்த குழம்பின் பேரை ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பாள். எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் அதற்குத் தாராளம். அடித்து முடித்ததும் கடைசியாக ஒரு வரி வரும். எனக்கு வைக்கலையா? இதையெல்லாம் எழுதி வைத்த மகன் சுந்தர்ராஜ் அதற்குப் பதில் அடிக்க இடம் வைக்கவில்லை. அந்த வரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானாக மறையும். சுகிர்தம் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருப்பாள். போடி பஜாரில் அவள் புருஷன் ராஜமணியின் ஏலக்காய்க் கடைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில், ஆனி மாதக் காற்று மலையிலிருந்து இறங்கி ஜன்னலைத் தட்டும். வீடு முழுக்க ஏலக்காய் வாசம். தலையணையில், சோப்பில், காப்பியில், எதிலும் அதே வாசம்தான். அந்த வாசத்துக்கு ஒரு கிறக்கம் உண்டு. மத்தியானத்தில் அங்கே விழித்திருப்பவர்கள்கூட பாதித் தூக்கத்தில்தான் இருப்பார்கள்.

மெஷினைக் கோயம்புத்தூரில் வேலை பார்த்த மில்லில் பழசென்று கழித்தபோது சுந்தர்ராஜ் வாங்கி, மெத்தைக்குள் சுற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. கடையைப் பார்த்துக்கொள்ளப் பையன் வந்துவிட்டான் என்று ராஜமணி நினைத்தார். பையனோ அந்த அறையை விட்டு வெளியே வரவேயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்து கோழிக்குழம்போடு உட்கார்ந்திருந்தபோது, “எனக்குக் கடை வேண்டாம்ப்பா, பெங்களூர்ல வேலை வந்திருக்கு” என்றான். “இந்த வீட்டுச் சோத்தத் திங்கிறவன் கடைக்கு வரணும்” என்று ராஜமணி சொல்லிவிட்டார். சோற்றைச் சொல்லியிருக்கக் கூடாது. அவன் பாதியில் எழுந்து கை கழுவினான். அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் போனவன்தான். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, அடுத்த கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு கோழி அடிக்கவில்லை. வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை, வாங்கி வா என்றும் யாரும் சொல்லவில்லை.

கிளம்புகிற அவசரத்திலும் அவன் அம்மாவை அறைக்குள் கூப்பிட்டு ஒன்று சொன்னான். “அம்மா, வெளிய இருந்து யாரு பிளாப்பி கொண்டாந்தாலும் இதுக்குள்ள போட விடாத. வைரஸுன்னு ஒண்ணு அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். உள்ள எறங்குச்சுன்னா இருக்கிறத எல்லாம் தின்னுரும். ஒனக்கு எழுதுனதும் போயிரும்.”

“அப்ப அதப் பூட்டி வச்சிரேன்.”

“பிளாப்பின்னா ஓரத்துல ஒரு சீட்டு ஒட்டி, புதுசா எதுவும் எழுத முடியாமப் பூட்டலாம். இது உள்ள இருக்கிற தட்டு. பூட்டுனா நேத்து வச்ச கொழம்பு அதுக்கு ஞாபகம் இருக்காதும்மா.”

சுகிர்தம் யோசித்துப் பார்த்து, “அப்பப் பூட்டாத” என்றாள். ஞாபகம் இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றிலிருந்து அவளே காவல். பக்கத்துத் தெரு வாத்தியார் வீட்டுப் பையன்கள் விளையாட்டு பிளாப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து கெஞ்சிப் பார்த்தார்கள். முறுக்கைக் கொடுத்து வாசலோடு அனுப்பிவிட்டாள்.

ஆனி கடைசியில் ஒரு நாள் ஜெபராணி வந்தாள். சுகிர்தத்தின் தங்கை மகள், பெங்களூரில் நர்ஸ். லீவில் கடமலைக்குண்டில் தன் வீட்டுக்கு வந்தவள் போடிக்கும் ஒரு எட்டு வந்திருந்தாள். காப்பியைக் குடித்துவிட்டுக் கைப்பையிலிருந்து கறுப்பாக, சதுரமாக, உறை போட்ட ஒரு பிளாப்பியை எடுத்து நீட்டினாள்.

“அண்ணன் குடுத்துவிட்டாக பெரியம்மா. இதப் போட்டு மெஷின ஆன் பண்ணச் சொன்னாக. அதுவா வருமாம். லீவு முடிஞ்சு போறப்ப இதத் திரும்ப வாங்கிட்டு வரச் சொன்னாக.”

“என்னடி வரும்?”

“சொல்லலியே. நானும் கேட்டேன். சிரிச்சாக.”

சிரித்தானா என்று திரும்பக் கேட்டாள் சுகிர்தம். மெலிந்திருக்கிறானா, என்ன சாப்பிடுகிறான், துணியை யார் துவைக்கிறார்கள் என்று கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தும், அவன் சிரித்தான் என்பதிலேயே அவள் நின்றுவிட்டாள். ஜெபராணி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போன பிறகும் பிளாப்பி மடியில் கிடந்தது.

ராஜமணி கடையிலிருந்து உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். நின்றபடியே அதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“போட்டுப் பாப்பமாங்க?”

“அவனே போடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனானுல்ல.”

“இது அவன் குடுத்ததுங்க.”

“அவன் குடுத்ததுதான். அது எங்கெங்க கெடந்துட்டு வந்துச்சோ. மலையில இருந்து நம்ம ஆளு அனுப்புற மூட்டையில பூச்சி இருக்கதில்லையா? அனுப்புனவன் நல்லவன்தான். பூச்சிக்கு அது தெரியுமா?” என்றவர், பிளாப்பியோடு பின்கட்டுக்குப் போனார். “ஒரு வாரம் அங்கன இருக்கட்டும்.”

பின்கட்டில் கிணற்றை ஒட்டி ஓர் அறை. மலையிலிருந்து இறங்குகிற மூட்டை எதுவும் ராஜமணியிடம் நேரே குடோனுக்குள் போகாது. முதலில் அந்தப் புதுச்சரக்கு அறையில் தனியாகக் கிடக்க வேண்டும். தினமும் காலையில் போய் மூட்டையில் காதை வைத்துக் கேட்பார். பூச்சி இருந்தால் உள்ளே அரிக்கிற சத்தம் வருமாம். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஒரே ஒரு மூட்டையில் பூச்சி விழுந்து, அது குடோன் முழுக்கப் பரவி, அந்த வருஷம் வீடே எழுந்திருக்க முடியாமல் போனதை அவர் சின்ன வயதில் பார்த்தவர். அதனால் அந்த விஷயத்தில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. பொறுத்திருந்தால் பூச்சி தானாக வெளியே வந்துவிடும் என்பதில் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. பிளாப்பிக்குள் இருக்கிறது அப்படியெல்லாம் வெளியே வராது என்று எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை. சொல்லக்கூடியவன் பெங்களூரில் இருந்தான்.

சுகிர்தத்துக்கும் அந்த ஒரு வாரம் வேண்டித்தான் இருந்தது. அதைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை. புதிதாக வந்ததைப் போட்டு, அதில் நிஜமாகவே வைரஸ் இருந்து, தினமும் சாப்ட்டியா என்று கேட்கிறவன் போய்விட்டால்? புதிதாக வந்தது என்ன சொல்லுமோ தெரியாது. இனி வரமாட்டேன் என்றுகூடச் சொல்லலாம். கையில் இருக்கிறது சின்னதுதான் என்றாலும் இருக்கிறதே. இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே மத்தியானத்தில் பாயில் சாய்வாள். கண் சொருகும்போது பின்கட்டுக் கதவு திறந்துகிடக்கும். குரங்கணி மலைப் பக்கமிருந்து மூடுபனி இறங்கி, கிணற்றைத் தாண்டி, மூட்டைகளுக்கு நடுவில் வந்து உட்காரும். பனிக்குள் யாரோ சட்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள். யாரென்று கேட்க அவள் வாயைத் திறந்தால் ஏலக்காய் வாசம் மட்டும் வரும். விழித்துப் பார்த்தால் கதவு சாத்தித்தான் இருக்கும்.

ஒரு காலையில் தண்ணீர் சேந்தப் போனபோது அந்த அறைக்குள் ராஜமணி நிற்பதைப் பார்த்தாள். மூட்டை எதுவும் இல்லாத நாள் அது. பிளாப்பியை உறையோடு காதருகே வைத்துக் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். சுகிர்தம் சத்தமில்லாமல் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுஷனை என்னதான் செய்வது என்று நினைத்தாள்.

மறுநாள் மத்தியானம் மெஷினை முடுக்கியபோது அது வழக்கம்போல் சாப்ட்டியா என்றது. அவள் ஆமாய்யா என்றாள். அடுத்த வரி வந்தது.

நேத்து கோழிக் குழம்பு. இன்னைக்கு?

சுகிர்தம் அந்த வரியைத் திரும்பப் படித்தாள். நேற்று அவள் வைத்தது தட்டைப்பயறுக் குழம்பு. அதைத்தான் அடித்தாள். எழுத்துப் பிசகினால்கூட தட்டைப்பயறு கோழியாகுமா? வைரஸ் இறங்கிவிட்டது. இருக்கிறதைத் தின்றுவிட்டு இல்லாததைக் கக்குகிறது. அவர்தான் பொறுக்கமாட்டாமல் தனக்குத் தெரியாமல் அந்த பிளாப்பியைப் போட்டுவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டாள். செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடினாள். ராஜமணி தராசுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“எதுக்குங்க போட்டீக? ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லிருக்கலாம்ல. போயிருச்சுங்க. எல்லாம் மாறிப்போச்சு. கோழிங்குது.”

ராஜமணி தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

“நான் பிளாப்பியப் போடல சுகிர்தம்.”

“பெறகு?”

“நேத்துச் சாயங்காலம் நீ பிரேயர் மீட்டிங் போயிருந்தீல்ல. அப்பத்தான் அதுக்கு முன்னால ஒக்காந்து பாத்தேன். நீ சுவிட்ச் போடுறதப் பாத்திருக்கேன்ல, அதே மாதிரி போட்டேன். அது கேட்டுச்சு. கைக்கு வந்தத அடிச்சேன்.”

“கைக்கு வந்ததா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அன்னைக்குப் பாதித் தட்டுல எந்திரிச்சுட்டான். அதான் மனசுல நிக்கிது. வேற எதுவும் வரல.” துணியை மடித்து வைத்துவிட்டு, “அது என்னையும் அம்மான்னுதான் கூப்பிடுது” என்றார்.

தெருவில் ஜீப் ஒன்று மலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. சுகிர்தம் ஏலக்காய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அந்தக் கேள்வி தனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டிருந்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த அறையில் அவருக்கென்று கேட்க ஒரு வரிகூட இல்லை. ஒரு மனுஷன் தனக்கு வராத கேள்விக்கு யாருமில்லாத நேரம் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தான் காத்தது மெஷினையா, இல்லை மெஷினுக்குள் இருந்த தன் பங்கை மட்டுமா என்று யோசித்தாள். பிறகு எழுந்தாள்.

“கடையச் சாத்துங்க.”

“வாரம் முடியலியே.”

“முடிய வேணாம். போனாப் போகுது.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “உள்ள இருக்கது போயிருச்சுன்னா நீ தாங்க மாட்ட.”

“தாங்குவேன்” என்றாள். தாங்குவாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

பிளாப்பியைப் புதுச்சரக்கு அறையிலிருந்து அவள்தான் எடுத்து வந்தாள். ஏலக்காய் வாசம் அதிலும் ஏறியிருந்தது. மெஷினை ஒரு தரம் அணைத்துவிட்டு, பிளாப்பியை உள்ளே தள்ளி, மெஷினின் சின்னத் தாழ்ப்பாளைத் திருப்பினாள். ராஜமணி கட்டிலில் உட்காராமல் சுவரோரமாக நின்றார். சுவிட்சைப் போட்டதும் மெஷின் புதுவிதமாக உறுமியது. சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. திரை வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது. காற்று அடங்கியிருந்தது. தெருச் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. அப்புறம் நடுவில், பெரிய எழுத்தில், ஒரு வார்த்தை வந்தது.

அப்பா

“ஒங்களத்தான்” என்றாள் சுகிர்தம். நாற்காலியிலிருந்து எழுந்து அவரை உட்கார வைத்தாள். அவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி, எடுத்து, மாட்டுவதற்குள் அடுத்த வரி வந்து நின்றது.

கோபம் போயிருச்சா? நான் வரட்டா?

கீழே பச்சைக்கோடு மினுக்கியது. இந்தத் தடவை பதில் எழுத இடம் வைத்திருந்தான். ராஜமணி உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் கோணிற்று. அதை மறைக்கக் குனிந்து பொத்தான்களைப் பார்க்கத் தொடங்கினார்.

“வா-வுக்கு எது?”

“இங்கிலீஷ்ல ‘வி’ங்க. அப்பறம் ரெண்டு ‘ஏ’.”

“‘வி’ எங்கன இருக்கு?”

“கீழ் வரிசையில. நல்லாப் பாருங்க.”

அவர் விரலை நீட்டி, ஒவ்வொரு பொத்தானாகத் தடவிக்கொண்டு போனார். அப்போதுதான் திரையில் மேல்வரியிலிருந்து ஓர் எழுத்து நழுவியது. மெதுவாக, அவசரமே இல்லாமல், கறுப்பில் இறங்கி அடியில் போய்ப் படுத்தது. பின்னாலேயே இன்னொன்று. கேள்வியிலிருந்து ஒன்று, அப்பாவிலிருந்து ஒன்று. ஓசையில்லாமல் பச்சைப் பச்சையாக உதிர்ந்துகொண்டிருந்தன. பிள்ளை செய்கிற வேடிக்கையா, பிள்ளைக்கே தெரியாமல் கூட வந்த பூச்சியா என்று சுகிர்தத்துக்குத் தெரியவில்லை. அழகாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

ராஜமணி திரையைப் பார்க்கவில்லை. “இதுவா?” என்று கேட்டபடி இன்னும் குனிந்துதான் இருந்தார். சுகிர்தம் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி எழுத்துகள் கழன்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, அவர் கைமேல் தன் கையை வைத்து, அந்த விரலைக் கொஞ்சம் வலப்பக்கமாக நகர்த்தினாள்.