மூணாம் நம்பர் முயலின் காது

எழுபத்தஞ்சில் அடையாறு ஆற்றங்கரையோரம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முயல் கொட்டகை பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருஷமாகத் தினக்கூலி. வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் டாக்டர் கஸ்தூரிரங்கன் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

என் கையிலிருந்து ரத்தம் எடுத்து, வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து, மூணாம் நம்பர் முயலுக்கு வாரம் ஓர் ஊசி போட்டார்கள். நோயோடு சண்டை போடுகிற அணுவாம். அதன் தோலில் கொக்கி கொக்கியாக ஏதோ இருக்கிறதாம். முயல் ரத்தத்தில் அதற்கு எதிராக ஒரு சரக்கு ஊறும். அதில் பச்சைச் சாயம் ஏற்றி விட்டால் கொக்கியில் போய் ஒட்டி மினுங்குமாம். என் உடம்புச் சமாச்சாரம் முயலுக்குள் ஓடுகிறது என்று நினைத்தாலே எனக்குக் குமட்டும்.

ஊசிக்கு முன்னால் அதே முயலின் காதிலிருந்து ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைக்க வேண்டும். அதில் சாயம் ஏற்றி விட்டால் அணு மினுங்கக் கூடாது. அப்போதுதான் பின்னால் மினுங்குவது ஊசியால் என்று நம்பலாம். டாக்டரின் உதவியாளன் ஜவஹர் அதை மறந்து தொலைத்தான். நாலு ஊசியும் முடிந்த பிறகு என்னிடம் வந்து நின்றான்.

"பாய், ஒம்பதாம் நம்பர் ஊசி போடாததுதானே? அதுல எடுத்து மூணுன்னு எழுதிடு."

"ஒம்பது எப்டிப்பா மூணு ஆவும்?"

"எல்லாம் முயல்தான் பாய். அது இன்னா கோர்ட்ல வந்து சாட்சி சொல்லப் போவுதா?"

ரத்தம் எடுப்பவர்தான் குழாயில் நம்பர் எழுத வேண்டும் என்பது எங்கள் கொட்டகை வழக்கம். ஒன்பதின் காதைக் கீறி எடுத்தேன். 9 என்றே எழுதினேன்.

மறுநாள் டாக்டர் அந்த 9ஆம் நம்பர் குழாயை மேசையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். ஜவஹர் பக்கத்தில் நின்றான்.

"போன மாசமே மூணுல எடுத்தது சார். காதர் பாய்க்குப் படிப்பு கம்மி, நம்பரை மாத்திட்டாரு," என்றான்.

இரண்டு முயலையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். மூணின் காதில் கீறிய தழும்பே இல்லை. ஒன்பதின் காதில் நேற்றுக் கீறிய புண் இன்னும் ஆறவில்லை.

டாக்டர் இரண்டு காதையும் தடவிப் பார்த்தார். அவனைத் திட்டுவார் என்று இருந்தேன்.

"கட்டுரை இந்த வாரம் வெளிநாட்டுக்குப் போகணும் பாய். புது முயல்னா மறுபடி ரெண்டு மாசம் ஆகும்," என்றார். குழாயையும் கண்ணாடியில் எழுதும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். கூடவே கையெழுத்துக்குக் கிடந்த என் வேலைக் காகிதத்தையும். "மூணுன்னு மாத்திடுங்கோ. இதையும் இப்பவே முடிச்சுடலாம்."

ஜவஹராவது பயத்தில் பொய் சொன்னான். இந்த ஆள் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நிதானமாக, சிரித்துக்கொண்டு சொன்னார்.

"நீங்களே எழுதிக்கோங்க சார்," என்றேன்.

எழுதினார். என் 9ஐக் கட்டைவிரலால் அழித்துவிட்டு அழகாக 3 போட்டார். என் காகிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

முயல்களைத் தூக்கிக்கொண்டேன். ஒன்பது மேசையெல்லாம் மூத்திரம் பெய்து வைத்திருந்தது. கட்டுரைக் காகிதத்தின் அடியில் அது ஓடியது.

"பாய், தொடைச்சிட்டுப் போ," என்றான் ஜவஹர்.

பன்னிரண்டு வருஷமாக நான்தான் துடைத்தேன். அன்றைக்கு நிற்கவில்லை.