கெய்த்தா வேண்டாம் என்றான்

பமாக்கோ நகரத்தில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவன் பஸான் துணியோடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும். கஞ்சி போட்டு, மரக்கட்டையால் அடித்து அடித்துக் கண்ணாடியாகப் பளபளக்க வைத்த துணி அது. ஞாயிற்றுக்கிழமை, கல்யாணம் பதியும் நகராட்சி வாசலில் அதை உடுத்திக்கொண்டு ஒரு கூட்டம் பெண்கள் வந்து நின்றால் கேமராவே ஏமாந்துபோகும். கேமராவுக்குள் இருக்கும் முள், துணியில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தைத்தானே அளக்கிறது? வெளிச்சம் ஏகமாக இருக்கிறதென்று நம்பி, படத்தை இருட்டாக்கிவிடும். துணி ஜோராக விழும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கண்ணும் ஒரு வரிசைப் பல்லும் மட்டும் இருக்கும்.

படக்காரன் செகூரா குலிபாலிக்கு அந்தப் பருவத்தில் பல கல்யாணங்கள் இப்படித்தான் பாழாயின. அடுத்து வந்தது ஹஜ்ஜம்மா நசிராவின் மகள் கல்யாணம். பெரிய சந்தையில் பஸான் வியாபாரம் அந்த அம்மாள் கையில்தான் இருந்தது. இந்த ஆல்பம் நன்றாக வந்தால் சந்தைத் துணிக்காரிகள் வீட்டுக் கல்யாணமெல்லாம் அவனுக்கு. சொதப்பினால் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டு கடைக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

ஸ்டூடியோவை மூடிவிட்டு மகனிடம் பிரான்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவர், தன் லைட் மீட்டரை அவனிடம் கொடுத்திருந்தார். வைத்துப் பார், பிடித்தால் வாங்கிக்கொள், இல்லையென்றால் திருப்பிக் கொடு என்றார். கைக்குள் அடங்கும் கருவி. பாதி முட்டையைக் கவிழ்த்தாற்போல் தலையில் ஒரு வெள்ளைக் குமிழ். விரிசல் விட்ட ஓரத்தில் சிவப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தது. முகத்தருகே பிடித்தால் முகத்தின்மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும். உடுத்தியிருப்பது பஸானா, கோணியா என்று அது கவலைப்படாது.

மனைவி அசிதானை வெள்ளைப் பஸானில் முற்றத்தில் நிறுத்தி அளந்து பார்த்தான். கேமரா முள் ஒன்று சொன்னது. மீட்டர் வேறொன்று சொன்னது. அவன் கண்மதிப்பு இரண்டுக்கும் நடுவில் நின்றது.

"மூணுல எதுங்க சரி?" என்றாள் அசிதான்.

"என் கண்ணுக்கு இத்தனை வருஷப் பழக்கம் இருக்கு."

"உங்க கண்ணுதான் போன மாசம் எங்க அத்தைய வெறும் பல்லா எடுத்துச்சு. பேசாம வாங்கிடுங்க."

அவனுக்குச் சுருக்கென்றது. பெண்டாட்டி சொன்னதற்காக வாங்குவதில் ஒரு கௌரவக் குறைச்சல் வேறு. ஃபமகானைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று கிளம்பினான்.

ஃபமகான் கெய்த்தாவும் கல்யாணப் படக்காரன்தான். அதைவிட முக்கியம், அவன் கெய்த்தா, இவன் குலிபாலி. இரண்டு குடும்பமும் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து கேலி முறை. கெய்த்தாவைக் கண்டால் குலிபாலி திட்ட வேண்டும், குலிபாலியைக் கண்டால் கெய்த்தா திட்ட வேண்டும். அவரை தின்று காற்று விடுகிறவன் என்ற பொருளில் அவரைத்தின்னி, கழுதை, என் வீட்டு அடிமை, எதையும் சொல்லலாம். கோபப்படக் கூடாது. முறைக்காரனுக்குக் கெடுதல் நினைக்கவும் கூடாது.

தெருமுனை வேப்பமரத்தடியில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. வழக்கமான ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"வாடா அவரைத்தின்னி! காத்து எங்களுக்கு எதிர்ப்பக்கமா அடிக்குது, அங்கேயே உக்காரு" என்றான் ஃபமகான்.

"கழுதைக்கு மூக்கு வேற வேலை செய்யுதா?" செகூரா உட்கார்ந்து மீட்டரை எடுத்துக் காட்டினான். "இது வேணுமா வேணாமாடா எனக்கு?"

ஃபமகான் அதை வாங்கி வெயிலில் பிடித்தான், நிழலில் பிடித்தான், தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

"வாங்காதடா. நீ இதை வாங்கினா உன் படத்துல முகம் விழும். முகம் விழுந்தா துணிக்காரிங்க உன்னை விட்டுப் போகமாட்டாங்க. அப்புறம் நான் எதைத் திங்கறது, உன்னை மாதிரி அவரையையா? திருப்பிக் குடுத்துடு. நான் போய் வாங்கிக்கறேன்."

கூட்டம் சிரித்தது. செகூராவும் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"கேலிய விடு. நெசமாச் சொல்லு."

"நெசமாத்தான் சொல்றேன். நீ வாங்கினா நான் செத்தேன்."

மறுபடி சிரிப்பு. செகூரா அதிலிருந்து தன் கணக்கைப் போட்டுக்கொண்டான். முறைக்காரன் நாசமாய்ப் போ என்றால் நன்றாயிரு என்று அர்த்தம். மீட்டரால் முகம் விழும் என்றால் அதுவும் அப்படித் தலைகீழ்தான். உண்மையிலேயே மீட்டர் தேவையென்றால் இவன் இப்படி விளையாடிக்கொண்டிருப்பானா? தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கமாட்டானா? ஆக, கண்ணே போதும். பைத்தியக்காரன், அன்று மாலையே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டான். அசிதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று பெண்வீட்டுக்குப் படமெடுக்க செகூரா போனான். மாப்பிள்ளை வீட்டார் ஃபமகானை அழைத்திருந்தார்கள். துணிக்காரிகள் அத்தனை பேரும் ஒரே வெள்ளைப் பஸானில் வந்து இறங்கினார்கள். செகூரா கண்ணைச் சுருக்கிக்கொண்டு மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஃபமகான் மணப்பெண்ணிடம் போய் அவள் தாடைக்குக் கீழே கையை நீட்டினான். கையில் அந்த வெள்ளைக் குமிழ். ஓரத்தில் அதே சிவப்பு நாடா.

அப்போதும் செகூராவுக்குச் சிரிப்புதான் வந்தது. "அடத் திருட்டுக் கழுதை! குடுடா, ஒரு தடவை அளந்துட்டுத் தர்றேன்."

"அவரைக்காய் கேளு, தர்றேன்" என்று சொல்லிவிட்டு ஃபமகான் மீட்டரைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஃபமகான் சிரிக்கவில்லை. வேப்பமரத்தடியில் அவன் சொன்னதெல்லாம் சொன்னபடியே உண்மை என்று அப்போதுதான் செகூராவுக்கு விளங்கியது.

பிரிண்ட் வந்ததும் ஹஜ்ஜம்மா இரண்டு ஆல்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துச் செகூராவைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஃபமகான் எடுத்ததில் மணப்பெண்ணின் இமையில் தேங்கிய கண்ணீர் வரை தெரிந்தது.

"துணிய நான் தினமும் கடையில பாக்கறேன் தம்பி. நான் பாக்கணும்னு ஆசைப்பட்டது என் மகளை. அவ எங்கே?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

நேரே வேப்பமரத்துக்குப் போனான். "துரோகி! நான் நெசத்தைக் கேட்டேன்டா உங்கிட்ட!"

"நெசத்தைத்தானேடா சொன்னேன்? இத்தனை பேர் முன்னால, ரெண்டு தடவை சொன்னேன். உனக்குக் காது இல்லைன்னா நான் என்ன பண்ண?"

செகூரா அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். கூட்டம் பதறி எழுந்தது. மீட்டரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒரு குலிபாலி கெய்த்தாமேல் கைவைப்பதா, கேலிக்குக் கோபப்படுவதா, இப்படி ஒரு அசிங்கம் உண்டா என்று அவனைத்தான் ஏசினார்கள். மன்னிப்புக் கேள் என்றார்கள். அவன் கேட்காமல் வந்துவிட்டான்.

மறுநாள் காலையில் ஃபமகானே வாசலுக்கு வந்தான். "டேய் அவரைத்தின்னி! அடிமை எசமான்கிட்ட மன்னிப்புக் கேக்க வரலைன்னு எசமானே வந்திருக்கேன்டா!"

செகூரா வெளியே வந்தான். "வாங்க கெய்த்தா. வீட்டுல எல்லாரும் சுகமா? அம்மா சுகமா?"

ஃபமகான் சிரித்தான். பதிலுக்குத் திட்டு வருமென்று காத்திருந்தான். வரவில்லை.

"என்னடா இது, வரி வசூலிக்க வந்தவன்கிட்ட பேசற மாதிரி?"

"உக்காருங்க. தண்ணி கொண்டுவரச் சொல்றேன்."

ஃபமகான் சட்டைப்பைப் பொத்தானைக் கழற்றி மீட்டரை எடுத்து நீட்டினான். "இந்தா, நீயே வச்சுத் தொலை. ஒரே ஒரு தடவை கழுதைன்னு சொல்லுடா."

செகூராவின் கை அதை வாங்கத் துடித்தது. நாக்கோ அந்த வார்த்தையைச் சொல்ல அதைவிடத் துடித்தது. "உங்க பொருள் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றான்.

அசிதான் கொண்டுவந்த தண்ணீரை ஃபமகான் கையில் வைத்துக்கொண்டே நின்றான். பிறகு கிண்ணத்தை அவளிடமே கொடுத்துவிட்டு, "சரிங்க குலிபாலி, நான் வரேன்" என்று சொல்லிப் படியிறங்கினான்.