வெள்ளம் கொண்டுபோன பல்புகள்

குட்டநாட்டில் குப்பை வாங்கப் போவதற்கும் வள்ளம் வேண்டும். பஞ்சாயத்துக்காக வீடு வீடாகக் குப்பை சேர்க்கும் அம்பிளி பின்முனையில் நின்று கழி ஊன்றுவாள். ஷெரீனா ஒவ்வொரு வீட்டுப் படித்துறையிலும் இறங்கிச் சாக்கை நீட்டுவாள். பிளாஸ்டிக்கை முகத்தைச் சுளித்துக்கொண்டாவது கொடுத்துவிடுவார்கள். ஃபியூஸ் போன சி.எஃப்.எல். பல்பு என்றால்தான் தகராறு. வாசலில் நின்றபடியே அதைக் கால்வாயில் வீசிப் பழகிய கைகள். 'டப்' என்று வெடிக்கும் சத்தத்துக்காகவே பிள்ளைகள் அதைக் குறிபார்த்துப் படிக்கல்லில் அடிப்பார்கள்.

பஞ்சாயத்து நடத்திய பயிற்சி வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்து, அந்தச் சத்தம் கேட்டால் அம்பிளி வள்ளத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடுவாள். பல்புக்குள்ளே துளியூண்டு பாதரசம் இருக்கிறதாம். தண்ணீரில் இறங்கினால் சேற்றுக்கு, சேற்றிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து மனுஷனுக்கு. நாலு பக்கமும் தண்ணீராக இருக்கும் ஊரில் எதை எறிந்தாலும் அது திரும்பச் சோற்றுத் தட்டுக்குத்தான் வரும் என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதிகம் முரண்டு பிடித்தவன் வாத்து வளர்க்கும் குஞ்ஞுமோன்.

"என்ன அம்பிளி, எரியாத பல்பையெல்லாம் அள்ளிட்டுப் போயி கல்யாணப் பந்தல்ல சீரியல் செட்டா போடப்போற?" என்று நாலு பேர் கேட்கச் சிரித்தான்.

"உங்க வாத்துக்காகத்தான் கேக்கறேன் சேட்டா. இது உடைஞ்சு தண்ணியில போனா மொதல்ல சேத்தைக் கிளறுறது அதுங்கதானே?"

சிரிப்பு நின்றது. அடுத்த தடவை போனபோது, அக்கம்பக்கத்து வீடுகளிலும் வாங்கி ஒரு கூடை நிறையப் பல்பு வைத்திருந்தான். "ஒண்ணுகூட உடையல, பாத்துக்கோ. கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டு வந்திருக்கேன்" என்றான். அதன் பிறகு யாராவது பல்பைக் கால்வாயில் வீசினால் அவளை முந்திக்கொண்டு அவனே சண்டைக்குப் போனான். ஊர் மெல்ல வழிக்கு வந்தது. அம்பிளிக்கு அப்படியொரு பெருமை அதற்கு முன்னால் வாய்த்ததில்லை.

சேர்த்ததையெல்லாம் வைக்கப் பஞ்சாயத்து கொடுத்த இடம் கால்வாய் ஓரத்துத் தகரக் கொட்டகை. நகரத்திலிருந்து ஒரு கம்பெனி வந்து எடுத்துப்போய், பாதரசத்தை வேறாகவும் கண்ணாடியை வேறாகவும் பிரிக்கும் என்பது ஏற்பாடு. வரவில்லை. கேட்டால், "ஒரு லோடு சேரட்டும்" என்றார் செயலாளர். லோடு சேர்ந்தது, டெண்டர் முடியவில்லை என்றார். அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொட்டன.

மழை வலுத்தபோது அம்பிளி மறுபடி போய் நின்றாள்.

"சாரே, ஷெட்டுக்குள்ள தண்ணி ஏறிடும். அந்தப் பெட்டிங்களை மட்டுமாவது ஸ்கூல் மாடிக்கு ஏத்திடலாம்."

"பிள்ளைங்க படிக்கிற எடத்துல விஷத்தைக் கொண்டுபோயி வைக்கச் சொல்றியா? எவனாவது கேஸ் போட்டா நீ வந்து நிப்பியா?"

அவர் சொன்னதும் தப்பில்லை. அவள் வள்ளத்துக்குத் திரும்பினாள்.

வயலுக்குள் தண்ணீர் வராமல் தடுத்த மண்கரை ஒரு மத்தியானம் உடைந்தது. ஊரே நிவாரண முகாமுக்கு ஓட, அம்பிளி ஷெரீனாவையும் இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு வள்ளத்தைத் திருப்பினாள். ஒரு பக்கத் தகரம் பெயர்ந்து தொங்கியது. அட்டைப்பெட்டிகள் ஊறி வாய் பிளந்திருந்தன. அந்தப் பிளவு வழியாகப் பல்புகள் மந்தையாக வெளியேறிக்கொண்டிருந்தன. வெள்ளை வெள்ளையாக, ஒன்றோடொன்று மோதி, சில நொறுங்கி, பல முழுசாகவே மிதந்து போயின. மார்பளவு தண்ணீரில் குதித்துச் சாக்கை விரித்துப் பிடித்தாள். சாக்குக்குள் வந்ததைவிட அதைச் சுற்றிக்கொண்டு போனதுதான் அதிகம். உடைந்த கண்ணாடி உள்ளங்கையைக் கிழித்தது.

"விடுங்க சேச்சி! இழுத்துட்டுப் போயிடும்!" ஷெரீனா அவள் தலைமுடியைப் பிடித்துத்தான் வள்ளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது.

முகாமில் எல்லோரும் வீட்டையும் மாட்டையும் நினைத்து அழுதார்கள். அம்பிளிக்கு அழுகை வரவில்லை. பல்புகளை அவரவர் கையிலேயே விட்டிருந்தால் சிலது கால்வாயில் உடைந்திருக்கும், மற்றதெல்லாம் பரணில் கிடந்திருக்கும். வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, சண்டை போட்டு, ஊரிலுள்ள அத்தனை விஷத்தையும் ஓரிடத்தில் கூட்டி, வெள்ளத்தின் கையில் எடுத்துக் கொடுத்தது நான்தானே என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் வடிந்தபோது குஞ்ஞுமோனின் வாத்துப்பட்டியில்தான் பல்புகள் அதிகம் ஒதுங்கியிருந்தன. சேற்றில் பாதி புதைந்த கண்ணாடிச் சுருள்கள். வெள்ளத்தில் தப்பிய வாத்துகள் அவற்றுக்கு நடுவே அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தன. அவன் திட்டுவான் என்று நினைத்துத்தான் அம்பிளி போனாள். அவன் திட்டவில்லை.

"இந்த முட்டையைத் திங்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லு."

அவள் செயலாளரிடம் ஓடினாள். தண்ணீரையும் சேற்றையும் சோதித்துப் பார்க்கச் சொன்னாள். "இவ்வளவு தண்ணியில எல்லாம் கரைஞ்சு போயிருக்கும். ஊரைப் பயமுறுத்திட்டுத் திரியாதே" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது குஞ்ஞுமோன் முட்டைத் தட்டுகளை வள்ளத்தில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"கரைஞ்சு போயிருக்கும்கிறாரு. எனக்குத் தெரியலை சேட்டா."

"உனக்கே தெரியாதுன்னா வேற எவனுக்குத் தெரியும்?" அவன் நிமிராமலே பேசினான். "பொண்டாட்டி பிள்ளைங்களைத் தொட விடல. ஆலப்புழைச் சந்தைக்குக் கொண்டுபோறேன். அங்க எந்த ஊரு முட்டைன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"வாங்கித் திங்கிறவங்க வீட்லயும் குழந்தைங்க இருக்கும் சேட்டா."

"இருக்கும். மிச்சமிருக்கிறது இந்த வாத்துங்கதான். நீயே சொல்லு, நான் என்ன பண்ணட்டும்? நீ சொன்னதைத்தானே இத்தனை நாளும் கேட்டேன்."

அம்பிளி ஒரு முட்டையை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தாள்.

"சொல்ல ஒண்ணுமில்லேன்னா இந்தப் பக்கம் கொஞ்சம் பிடி. ஆடுது."

அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, அவன் கடைசித் தட்டை வைக்கும்வரை வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டுப் போட்டிருந்த உள்ளங்கை எரிந்தது. அவன் போய்விட்டான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு படித்துறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "அம்பிளீ, ரெண்டு பல்பு போயிடுச்சு. எடுத்துட்டுப் போறியா?"

அவள் காதில் விழாததுபோலக் கழியை ஊன்றினாள்.