மரவாழையின் முதற்பலன்

எங்கள் வீட்டில் கோழி முதல் முட்டையிட்டால் அது கோயிலுக்குப் போகும். முதல் வாழைக்குலை, முதல் பலாச்சக்கை, முதல் பூசணிக்காய் எல்லாம் கோயிலுக்குத்தான். முதற்பலன் கர்த்தருக்கு, அதில் எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் ஞானதாசனுக்கு எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற விவஸ்தை கிடையாது. மீன்கறிக் கையோடு என் தாமரைப் படத்தைத் தூக்கிப் பார்த்த மனிதர் அவர்.

நான் பூ வரைகிறவள். மிஷன் பள்ளியில் மற்றப் பெண்கள் லேஸ் பின்னியபோது என் நூலில் மட்டும் முடிச்சு விழுந்துகொண்டே இருந்தது. பள்ளியை நடத்திய வெள்ளைக்காரத் துரைசாணி அலுத்துப்போய் என் கையில் ஒரு வண்ணப்பெட்டியைத் தந்தார். பன்னிரண்டு வருஷமாயிற்று. பூவை மட்டும் தனியாக வரைய எனக்குப் பிடிக்காது. அது நிற்கிற வயல், குளம், பின்னால் வேளிமலை எல்லாம் தாளில் வரவேண்டும். முதலில் இடத்தை வரைவேன். பூவுக்குரிய இடத்தை வெறும் வெள்ளையாக விட்டுவைத்து, பூவை எதிரே பார்த்துக் கடைசியில் நிரப்புவேன்.

அப்படி இருபத்துநாலு பூக்களைத் துரைசாணி கேட்டிருந்தார். லண்டனில் புத்தகமாகப் போடுவார்களாம். எல்லாம் சேர்ந்தால் அட்டையில் என் பெயர். ஒன்று குறைந்தாலும் மதராஸில் ஒரு ஓவியரை வைத்து முடிப்பார்கள். பெயரும் அவர் பெயராகிவிடும். 1933 வைகாசியில் இருபத்துமூன்று முடிந்திருந்தது. திங்கட்கிழமை காலையில் துரைசாணி கப்பலுக்குப் புறப்படுகிறார்.

பாக்கி இருந்தது மரவாழை; வாழையல்ல, மரக்கிளையில் தொற்றி வளரும் பூச்செடி. என் தம்பி கபிரியேல் கீரிப்பாறை மலையிலிருந்து கொண்டுவந்து எங்கள் பலாமரக் கிளையில் கயிற்றால் கட்டிய செடி. மூன்று வருஷம் ஒரு மொட்டுகூட விடாமல் என் உயிரை வாங்கியது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு கொத்து விரிந்து தொங்கியது, வெள்ளையில் ஊதாப்புள்ளிகளோடு. தாளில் மலையும் கிளையும் தயாராக இருந்தன. வெளிச்சம்தான் போய்விட்டது. விடிந்ததும் வரையலாம், அதுவரை பூவைத் தொடக்கூடாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

விடிந்து பார்த்தால் வெறும் காம்பு!

"யாரு அறுத்தது?" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாள் வேலிக்கு வந்துவிட்டாள். "ஒனக்க மாப்பிளதான் வெள்ளத்துணியில பொதிஞ்சு கோயிலுக்குக் கொண்டுபோனாரு" என்றாள்.

தலையில் அடித்துக்கொண்டேன். பலகை, வண்ணப்பெட்டி, தண்ணீர்ச் சிரட்டை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். கோயில் வாசலில் அவர் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தார்.

"பூவத் தொடக்கூடாதுன்னு ராத்திரி சொன்னேனா இல்லியா?"

"மரவாழ மொதத் தடவ பூத்திருக்கு ஏட்டி. முதற்பலன் கர்த்தருக்கு இல்லியா? நீ அடுத்த பூவ வரையலாமே."

"அடுத்த பூ அடுத்த வைகாசியில! பன்னிரண்டு வருஷமா நான் வரையுதேனே, அதுல ஒரு தாளாவது முதற்பலன்னு கோயிலுக்கு எடுத்திருக்கியளா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"அது பலன் இல்லியே. படம்லா" என்றார்.

கோழிமுட்டை பலன். நான் கண் வலிக்க வரைந்தது பலன் இல்லை. ஆனால் அழ நேரமில்லை.

பூ அதற்குள் காணிக்கை மேசைக்குப் போய்விட்டது. மேசையில் வைத்த காணிக்கையை ஆராதனை முடிந்து ஏலம் விடும்வரை யாரும் எடுக்கக்கூடாது. அது சபை வழக்கம். எடுக்கக்கூடாது, சரி. பார்க்கக்கூடாதென்று எவன் சொன்னான்? குலைகளுக்கும் சேனைக்கிழங்குக்கும் நடுவே பித்தளைச் செம்பில் தொங்கிய பூவுக்கு எதிரே, ஆண்கள் பக்கத்துப் பாயில் போய் உட்கார்ந்தேன்.

"பொம்பளைய இருக்க எடம் அந்தப் பக்கம்லா" என்றார் சபை மூப்பர் ரசலையன்.

"பூவ அந்தப் பக்கம் வையுங்க, நானும் போறேன்" என்றேன். வைத்ததை நகர்த்த அவருக்கும் உரிமை இல்லை. முறைத்துவிட்டுப் போனார்.

எங்கள் போதகர் சத்தியநேசன் ஐயா பிரசங்கத்தை ஆரம்பித்தால், அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவளுக்குச் சோறு தீய்ந்துபோகும். அவ்வளவு நீளம். அன்றைக்கு வேதத்தில் வரும் யோபின் கதை; அன்றைக்கென்று பார்த்து அவருக்குத் தொண்டைக்கட்டு. நான் கொத்தில் பாதிகூட முடிக்கவில்லை, "கடைசியாக" என்றுவிட்டார். எனக்கு உயிரே போயிற்று. எழுந்து நின்றேன்.

"ஐயா, யோபுக்க கஷ்டத்த இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொல்லணும். எனக்குச் சரியா வெளங்கல்ல."

கோயிலே திரும்பிப் பார்த்தது. ஊழியத்துக்கு வந்த நாள் முதல் ஐயாவிடம் இன்னும் சொல்லுங்கள் என்று யாரும் கேட்டதில்லை. அவர் முகம் மலர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, யோபின் ஒட்டகங்களிலிருந்து மறுபடியும் தொடங்கினார். யோபு எல்லாவற்றையும் இழந்து, உடம்பெல்லாம் பருக்கள் வந்து, சிநேகிதர்களிடம் பேச்சு வாங்கி, இழந்ததை இரட்டிப்பாகப் பெறுவதற்குள் நான் கடைசி இதழின் புள்ளியையும் வைத்துவிட்டேன். பூவை ஏலத்தில் ரசலையன் எடுத்தார். எதற்கென்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

மறுநாள் இருபத்துநாலு தாளும் துரைசாணியோடு போயின. வீட்டுக்காரரோடு நான் ஒரு மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தபாலில் புத்தகம் வந்தது. ஒரே ஒரு பிரதி. அட்டையில் சத்தியபாய் என்று என் பெயர். மூன்று தடவை தடவிப் பார்த்தேன். அவரும் வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மரவாழைப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? மூடி வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தகத்தைக் காணோம். முற்றத்தில் அவர் நின்றிருந்தார், கையில் வெள்ளைத்துணிப் பொதியோடு. முட்டையும் பூவும் பொதிந்து போன அதே துணி.

"எங்க கொண்டு போறிய?"

"கோயிலுக்கு" என்றார், ஏச்சு விழுமென்று தலையைக் குனிந்துகொண்டே. "முதற்பலன்லா."

இருந்ததே ஒரு பிரதி. ஏலத்தில் ரசலையன் எடுத்தாலும் எடுப்பார். ஏசத்தான் வாயைத் திறந்தேன்.

"கைய நல்லாக் கழுவினியளா?" என்று மட்டும் கேட்டேன்.