மீன் தொட்டியின் கழிப்பறைச் சத்தம்

ஹோல்கர் பெண்ட்டின் கடல்மீன் தொட்டி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போய் வந்தது. கீழ்வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் கேட்டது.

தொட்டியின் மூலையில் வழியும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்கு இறங்கும். மோட்டார் அதை மறுபடி மேலே தள்ளும். போன மாதம் குழாயின் மூடி உடைந்து, ஹோல்கர் புது பிளாஸ்டிக் மூடி மாட்டினார். அன்றிலிருந்து தண்ணீர் ஒழுங்காக இறங்காமல் தேங்கித் தேங்கி, பிறகு மொத்தமாக ஒரே மூச்சில் இறங்கியது. ஃப்ளஷ் சத்தம்.

கீழ்வீட்டு அம்மாள் ஃப்ராவ் க்ரூகல் ரயில்வேயில் கால அட்டவணை தயாரித்து ஓய்வு பெற்றவர். புகார் கொடுக்கிறவர் முதலில் சத்தக் குறிப்பேடு எழுத வேண்டும் என்பது ஜெர்மனியின் காஸல் நகரத்தில் நாகரிகம். அவர் பதினாறு பக்கம் எழுதியிருந்தார். திங்கள் காலை குடியிருப்பு நிர்வாகத்தின் ஆள் வந்து கேட்டுப் பார்ப்பார்; சத்தம் இருந்தால் தொட்டியை அகற்ற வேண்டும். பதினொரு வருடமாக வளர்ந்த இரண்டு கோமாளி மீன்களைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

ஞாயிறு மதியம் ஃப்ராவ் க்ரூகல் மாடியேறி வந்தார்.

"நாளைக்குக் குடுக்கப்போற நகல். உங்களுக்கும் ஒண்ணு குடுக்கணும்ல, அதான் முறை. முதல் மூணு நாள் உங்களுக்குத்தான் வயிறு சரியில்லன்னு நெனச்சேன், ஹெர் பெண்ட். சூப் வச்சுக் கொண்டாரலாமான்னுகூட யோசிச்சேன்."

"கொண்டாந்திருக்கலாமே!"

"நாலாவது நாள் கணக்குப் பாத்தேன். ஒரு நாளைக்கு எழுநூறு தடவை. மனுசனால முடியாது."

ஹோல்கர் பக்கங்களைப் புரட்டினார். இரண்டு நிமிடம், இரண்டு நிமிடம், இரண்டு நிமிடம். செவ்வாய்க்கிழமையில் விரல் நின்றது. 16.10 முதல் 16.55 வரை எதுவும் இல்லை.

"இந்த நேரத்துல நீங்க வீட்ல இல்லையா?"

"இருந்தேன். என் குறிப்புல ஓட்டை கிடையாது."

செவ்வாய் நாலு மணிக்கு ஹோல்கர் அந்த மூடியைக் கழற்றிப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார்! அப்படியானால் மூடியிலிருக்கும் காற்றுத் துளைதான் சின்னது. காற்று போதாமல் குழாய் திணறுகிறது. மூடியே இல்லாமல் விடவும் முடியாது, உப்புநீர் சுவரெல்லாம் தெறிக்கும். துளையைப் பெரிதாக்கினால் போதும்.

அவர் பாய்ந்து துளைக்கருவியை எடுத்தார்.

"ஹெர் பெண்ட்! இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

ஞாயிற்றுக்கிழமை இரைச்சல் போடும் எந்த வேலைக்கும் அந்த நாட்டில் தடை. ஹோல்கர் கருவியைத் திருட்டுப் பொருள் போலக் கீழே வைத்தார். நாளை ஆள் வருகிறார், இன்று துளையிடக் கூடாது. விதியை மீறலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

"ஊசி காய்ச்சக் கூடாதுன்னு எங்கயும் எழுதல," என்றார் ஃப்ராவ் க்ரூகல், வெகுநேரம் யோசித்து.

கீழே போய்ப் பின்னல் ஊசியோடு வந்தார். பால்கனியில், மூக்கைப் பொத்திக்கொண்டு, பழுக்கக் காய்ச்சிய ஊசியை மூடியின் துளையில் விட்டுப் பெரிதாக்கினார் ஹோல்கர். மூடியை மாட்டினார். இருவரும் தொட்டிக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஃப்ராவ் க்ரூகல் கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டு நிமிடம். நான்கு. பதினைந்து. நாற்பது.

அவர் பேனாவை எடுத்து, '13.20 முதல் 14.00 வரை: எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"நாளைக்கு அந்த ஆள் வந்தா இந்தப் பக்கத்த மட்டும் காட்டுறேன். மத்தத நீங்களே வச்சுக்குங்க."

அவர் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. ஹோல்கருக்குத் திடுக்கென்றது. மோட்டாரே நின்றுவிட்டதோ? சட்டைக் கையைச் சுருட்டித் தொட்டிக்குள் கைவிட்டார். தண்ணீர் விரல்களைத் தள்ளிக்கொண்டு ஓடியது. பெரிய கோமாளி மீன் வந்து கட்டைவிரலைக் கடித்தது. அவர் கையை எடுக்காமல் சிரித்தார்.