நாலு மாத வித்தியாசம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாழ்க்கையில் பெரிய பயம் ஒன்றுதான்: யாராவது அவனுடைய அடையாள அட்டையை நிதானமாகப் படித்துவிடக் கூடாது.

அட்டையில் அப்பா என்று இருப்பவர் உண்மையில் அவனுடைய பெரியப்பா. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. பெரியப்பா குடும்பத்தோடு இந்த நாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சொந்தப் பிள்ளைக்கு அனுமதி உண்டு, தம்பி பிள்ளைக்குக் கிடையாது. சரி போ என்று சொந்தப் பிள்ளையாகவே எழுதிவிட்டார். அவசரத்தில் பிறந்த தேதியை ஒருவரும் யோசிக்கவில்லை. அவர் மகனுக்கும் இவனுக்கும் நாலே மாத வித்தியாசம். அன்றிலிருந்து வீட்டுக்குள் பெரியப்பா, வாசல் தாண்டினால் அப்பா. இருபத்தாறு வருஷத்தில் இவன் நாக்கு ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

அந்த ஒரு பொய்யைத் தவிர மனுஷர் படு கறார். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் நீதிபதி. உயிருக்குயிராகப் பழகிய பெயின்டர் இரண்டு குடும்பம் வைத்திருப்பது தெரிந்த அன்றே, இனி என் வாசப்படி ஏறாதே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அது ஆகிறது எட்டு வருஷம்.

மெக்கானிக்கின் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். 'எங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது' என்று பள்ளியில் ஒரு சார்ட் செய்யச் சொன்னார்கள். வாலு யாரையும் தொந்தரவு செய்யவில்லை. இழுப்பறையைக் குடைந்து, எல்லாருடைய அட்டைகளையும் எடுத்து, பெயர், தேதி எல்லாம் தானே எழுதிக்கொண்டாள்.

கண்காட்சி அன்று பெரியப்பாவோடும் பெரியம்மாவோடும் போன மெக்கானிக், சார்ட்டை அங்கேதான் முதல்முதலாகப் பார்த்தான். 'வியப்பான செய்தி' என்ற கட்டத்தில் சிவப்பு மையில் இருந்தது: 'என் அப்பாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் நாலு மாதம்தான் வித்தியாசம்!'



பக்கத்துச் சார்ட் பையனின் அப்பா குடியேற்ற அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அவர் ஒருமுறை படித்தார். குனிந்து இன்னொரு முறை படித்தார்.

"சார், தேதி இடிக்குதே. அண்ணன் ஜனவரி, நீங்க மே. அதே வருஷம்."

"பொண்ணு தப்பா எழுதியிருப்பா" என்றான் மெக்கானிக்.

"இல்லப்பா, கார்டைப் பாத்துத்தான் எழுதினேன்" என்றாள் வாலு ரோஷமாக.

"கார்டுலயே தப்புன்னா விடக்கூடாது சார். திங்கக்கிழமை ஆபீஸுக்கு வாங்க, பழைய ஃபைலை எடுத்துப் பாத்துடலாம்."

பாவி மனுஷன் உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னார். அந்த ஃபைலைத் திறந்தால் வேலை போச்சு, வீடு போச்சு, வாலுவின் பள்ளிக்கூடமும் போச்சு.

"தேதி சரிதான்" என்றார் நீதிபதி.

"எப்படிங்க?"

"எனக்கு ரெண்டு குடும்பம்."

சுற்றி நின்ற பெற்றோர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி தன் மகனின் காதைப் பொத்தினாள். யார் முன்னும் தலை குனியாத நீதிபதி, சார்ட்டில் பசை வழிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அலுவலகக்காரரின் பார்வை பெரியம்மா பக்கம் போனது. பெரியம்மா கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"ஆமாங்க. மூத்தவ நான்" என்றாள். "அவளும் நல்லவதான். போறப்ப இவனை எங்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போனா."

கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை. மெக்கானிக் அந்த இடத்திலேயே இருவர் காலிலும் விழுந்திருப்பான், ஆனால் அதற்கும் காரணம் கேட்பார்கள்.

அலுவலகக்காரர் மன்னிப்புக் கேட்டுவிட்டு நழுவினார்.

திரும்பும் வழியில் வாலு மட்டும்தான் பேசினாள். "தாத்தா, அந்த இன்னொரு வீடு எங்க இருக்கு?"

வீட்டுக்கு வந்ததும் நீதிபதி செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"அந்தப் பெயின்டர் நம்பர் உங்கிட்ட இருக்கா?"