பார்த்திபனின் வலைப்பூவில் நான்கு திருத்தங்கள்

பார்த்திபனுக்குக் காமிக்ஸைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் காமிக்ஸ் இரவல் கொடுத்ததே நான்தான். வடை எண்ணெய்க் கறையோடு திருப்பித் தருவான். அந்தப் பயல் இன்று சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, வலைப்பூ ஆரம்பித்து, காமிக்ஸைக் கிண்டலடித்து ஜோக் எழுதுகிறான். கீழே இருபது பேர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். வயிறு எரியுமா எரியாதா?

ஜோக்காவது சரியாக இருக்க வேண்டாமா? குதிரை வீரன் மலையிலிருந்து குதித்தும் தொப்பி கழலவில்லையாம். அடப்பாவி, தாடைக்குக் கீழே வார் போட்டுக் கட்டியிருக்கிறான், பதினாலாம் பக்கத்தில் பளிச்சென்று தெரிகிறது! ஒவ்வொரு ஜோக்குக்கும் பின்னூட்டம் போட்டேன், 'பரசுராமன், ஆரணி' என்று பெயரோடு. மொட்டைக் கடுதாசி எழுதுகிற ஆள் நான் இல்லை.

நான் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவன். கட்டத்தாளில் ஒரு கட்டம் தப்பினாலும் புடவையில் அன்னப்பறவைக்கு மூக்கு கோணிவிடும். டிசைனுக்காக வீட்டில் வாங்கிய கம்ப்யூட்டரில்தான் இதெல்லாம். என் பின்னூட்டங்களை மகள் ஜெயப்ரியா அடுப்படிவரை கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பாள். என் மனைவி குணசுந்தரி சிரிப்பாள்.

"அந்த மனுசனை இன்னா பாடு படுத்திகினு இருக்கீங்க, பாவம்" என்பாள். அவள் சிரிக்கிறாளே என்று இரண்டு தப்பு கூடுதலாகத் தேடுவேன், பொய் சொல்வானேன்.

2008 ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பார்த்திபன் புது ஜோக் போட்டிருந்தான். 'என் நண்பன் ஒரு காமிக்ஸ் பைத்தியம். தாத்தா சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்தது. கிளம்பியவன் வழியில் ஒரு சலூனில் அரைமணி நேரம் காமிக்ஸ் படித்துவிட்டுப் போனான். தாத்தா போய்விட்டார். பயல் சொன்னது: ஐயோ, கடைசிப் பக்கம் கிழிஞ்சிருக்குடா!'

எனக்கு ரத்தம் கொதித்தது. அவன் ஒருவனிடம்தான் சொல்லி அழுதிருந்தேன். அதை ஊருக்கே பந்தி வைக்கிறான், அதுவும் தப்புத் தப்பாக! விறுவிறுவென்று அடித்தேன்.

'ஒன்று: தாத்தா இல்லை, மாமனார். இரண்டு: சலூன் இல்லை, சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய பேப்பர் கடை. அன்றைக்கு விட்டிருந்தால் அங்கே கிடந்த காமிக்ஸ் கட்டு எடைக்குப் போயிருக்கும். மூன்று: அரைமணி இல்லை, ஒன்றரை மணி நேரம். நான்கு: கடைசிப் பக்கம் முழுசாக இருந்தது, அட்டைதான் கிழிசல். பரசுராமன், ஆரணி.'

அவன் வாயை அடைத்துவிட்ட திருப்தியோடு முள்ளிப்பட்டு கிராமத்து நெசவாளருக்கு டிசைன் கொடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் குணசுந்தரி உட்கார்ந்திருந்தாள். ஜெயப்ரியா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து வருஷமாக நான் இவளிடம் சொல்லி வைத்திருந்தது, பஸ் பஞ்சர் என்று. வருஷா வருஷம் அப்பாவுக்குத் திதி கொடுக்கும் நாளில் "அந்த நாசமாப் போன பஸ்ஸு" என்று திட்டிவிட்டுத்தான் இலை போடுவாள். நானும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறேன். தூ!

"ஒண்ணரை மணி நேரமா?" என்றாள்.

"குணா, அது வந்து..."

"நீங்கதான் தப்பில்லாம எழுதுறவராச்சே."

எழுந்து நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. இன்னொண்ணு எழுதணும். நைனா மூச்சு இழுத்துகினு இருக்கசொல்ல, மாப்ள வந்துட்டாரா, மாப்ள வந்துட்டாரான்னு கேட்டுகினே இருந்தாரு. வந்துகினே இருக்காரு நைனான்னு நானும் சொல்லிகினே இருந்தேன். அதையும் போடுங்க, அஞ்சாவதா."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. 'ஐந்து: மாமனார் என்னைப் பல தடவை கேட்டார்' என்று அடித்தேன். பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"பல தடவை இல்லீங்க" என்றாள். "ஏழு தடவை."